ஈயடிச்சான் காப்பி

புந்தா அரேனாஸில் ஜூன் மாதம்
ஐந்தரைக்கே விளக்குப் போட வேண்டும்.
காற்று கூரைத் தகரத்தைப் பிடித்து உலுக்குகிறது,
வாடகை பாக்கிக்கு வந்தவன் மாதிரி.

மற்றதெல்லாம் பிரித்தாயிற்று.
படகு அவனுக்கு. டிக்கெட் அறை எனக்கு.
நான்கு நாற்காலி, ஆளுக்கு இரண்டு.
இரும்பு அடுப்பை அறுக்க முடியாதென்பதால்
அதற்கு விலை பேசினோம், ஒரு மணி நேரம்,
முன்பின் தெரியாதவர்கள் போல.
நாய் யாரோடு என்பதை
நாயே தீர்மானித்துவிட்டது.

எஞ்சியது இந்த லேப்டாப்.
பதினோரு பருவத்துப் பயணிகள் பட்டியல்,
தீவில் எடுத்த ஐயாயிரம் பெங்குவின் படங்கள்.
எல்லாம் ஒரே பெங்குவின்தான் என்பான் எவரிஸ்தோ;
இல்லையென்று நான் சண்டை போட்டிருக்கிறேன்.
வரிக் கணக்கு. வக்கீலுக்குக் கடிதம் இரண்டு,
அவன் எழுதியது ஒன்று, நான் எழுதியது ஒன்று,
ஒரே மேசையில், ஒரே ஃபோல்டரில்.

முந்நூற்று இருபது ஜிபி, மூச்சுவிட இடமின்றிச்
சிவப்புக் கோடு காட்டிக்கொண்டிருந்தது.
ஒரு டிபி வாங்கி வந்தேன், பிஸ்கட் கனம்கூட இல்லை.
பிரதி எனக்கு, பழையது அவனுக்கு.
பங்கு போட்டும் குறையாத சொத்து இது ஒன்றுதான்
என்றார் கடைக்காரர் மிலோவிச்,
கேபிளைக் கொசுறாகத் தந்து.

இரவு ஏழுக்குத் தொடங்கினேன்.
மீதி நேரம்: நாலு மணி.
பிறகு: பதினோரு நிமிடம்.
பிறகு: ஒன்பது மணி.
சாப்பாட்டுக்கு வருகிறேன் என்று
எவரிஸ்தோ சொல்வதும் இந்தக் கணக்குத்தான்.

ஈயடிச்சான் காப்பி என்றால் இதுதான்.
எது வேண்டும், எது வேண்டாமென்று கேட்கவே இல்லை.
குப்பைத்தொட்டியில் கிடந்ததும் போகிறது.
அழித்துவிட்டதாக நான் நம்பிய இடங்களும்
வரிசை மாறாமல்
அந்தப் பக்கம் இறங்குகின்றன.

எண்பத்தொன்றில் நின்றது.
பழைய வட்டு உள்ளே டிக், டிக் என்று
நகத்தால் கதவைச் சுரண்டியது.
நாய் தலை தூக்கிப் பார்த்தது.
'இந்தப் பகுதியைப் படிக்க இயலவில்லை.
மீண்டும் முயல்க. தவிர்க்க.'
ஆறு முறை முயன்றேன்.
ஏழாவது முறை தவிர்த்தேன்.
ஒரு பெங்குவினின் கண்ணா,
யாரோ பயணியின் குடும்பப் பெயரில் நடு எழுத்தா,
கடிதத்தில் ஒரு வரியா,
யார் கடிதத்தில்?

காலை ஒன்பதுக்கு முடிந்தது, இன்னும் விடியவில்லை.
பத்து ஸ்க்ரூ, எண்ணிக் கழற்றிச் சாஸரில் போட்டேன்.
புதியதை வைத்து மூடினேன்.
திரை வந்தது, ஒன்றும் நடக்காததுபோல.
அதே கடவுச்சொல், நாயின் பெயர்.
திறந்து பார்த்தால் அதே கொள்ளளவு, அதே சிவப்பு.
மீதி அறுநூற்றுச் சொச்சம் எங்கே?
அது பாட்டுக்குக் கறுப்புப் பட்டையாய்
'ஒதுக்கப்படாதது' என்று உட்கார்ந்திருந்தது,
இடையில் சுவர்போல் மீட்புப் பகுதி.
சுவரைக் கடைசிக்குத் தள்ளி, எல்லையை இழுத்துவிட்டேன்.
வீடு பெரிதாகிவிட்டதென்று
யாராவது சொன்னால்தான் தெரியும் போலிருக்கிறது.

பதினொன்றுக்கு வந்தான், தொப்பியில் பனியோடு.
பழைய வட்டை நாளிதழில் சுற்றிக் கொடுத்தேன்.
'எல்லாம் இருக்கிறதா, யாஸ்னா?'
'இருக்கிறது. என்னிடம் இருப்பதைவிடக் கொஞ்சம் கூடவே.'
புரியவில்லை. கேட்கவும் இல்லை.
நான் தவிர்த்த அந்த ஒன்று
அவன் சட்டைப்பையில் போயிற்று,
யாரும் படிக்க முடியாமல், பத்திரமாக.

நாய் வாசல்வரை போய்த் திரும்பியது.
சாஸரைக் கழுவ எடுத்தேன்.
முடுக்கியதும் பத்துத்தான்,
ஆனாலும் ஒரு ஸ்க்ரூ மிச்சம்.
லேப்டாப்பைக் காதருகே வைத்து ஆட்டிப் பார்த்தேன்.
சத்தமில்லை.